மூன்று பேர் செய்த வேலை

டிரம் செட்டை யாரும் ஒரு பட்டறையில் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை ஒருவருக்குக் கொடுத்து ஒப்பேற்ற வேண்டியிருந்த காலத்தில், இடநெருக்கடியும் காசு நெருக்கடியும் சேர்ந்து உருவாக்கிய வாத்தியம் அது. பிறந்த இடம் அமெரிக்காவின் தெற்கே உள்ள நியூ ஆர்லியன்ஸ். காலம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் ஒரு கேள்விக்கு, இந்தக் கதையை விட்டுவிட்டு யோக்கியமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் திருச்சிக்காரன். மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்துக் குடும்பம் நடத்தியவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாடு என்று காவிரிக்கரை ஊர்களில் என் பேஸ் டிரம்மை இறக்கி வைக்காத மேடை குறைவு. இப்போது உறையூரில் வீட்டு மாடியில் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளை சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அப்பாவோ அம்மாவோ வந்து நிற்பார்கள். "மாஸ்டர், அக்குஸ்டிக் வாங்கறதா, எலக்ட்ரானிக் வாங்கறதா? கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு, யூடியூப்ல வேற சொல்றாங்க." தோலை அடித்துக் காற்றில் ஒலி எழுப்புவது அக்குஸ்டிக், பலகையை அடித்தால் மின்சாரத்தால் ஒலிப்பது எலக்ட்ரானிக். சிலர் இன்னும் நேராகக் கேட்பார்கள்: "எது மாஸ்டர் ஒரிஜினல்?"

அந்த 'ஒரிஜினல்' என்ற கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது.

நியூ ஆர்லியன்ஸில் சவ ஊர்வலத்துக்கும் திருநாள் ஊர்வலத்துக்கும் பித்தளை ஊதுகருவிக் குழுக்கள் போகும். அவற்றில் தாளம் போடுபவர்கள் தனித்தனி ஆட்கள். கழுத்தில் பெரிய பேஸ் டிரம்மைத் தொங்கவிட்டவர் ஒருவர், அடியில் கம்பி பூட்டிய ஸ்நேர் டிரம்மை அடிப்பவர் ஒருவர், சிம்பலுக்குச் சில குழுக்களில் இன்னொருவர். தெருவில் நடந்துபோகும்போது இது தேவை. நின்று வாசிக்கிற, நடந்து வாசிக்கிற ஒரு மனிதனால் இரண்டு டிரம்மைச் சுமக்க முடியாது. ஆனால் அதே குழு ராத்திரி நடனக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்ததும் கணக்கு மாறியது. கூடத்தில் இடம் கொஞ்சம். கூடத்துக்காரர் கொடுக்கும் பணமும் கொஞ்சம். பேஸ் டிரம்மைத் தரையில் நிறுத்தி, ஸ்நேரை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, ஒரே ஆள் இரண்டையும் அடிக்கத் தொடங்கினார். வலது கை பேஸ் டிரம்மில் ஒரு அடி போட்டுவிட்டு அடுத்த கணமே ஸ்நேருக்குத் திரும்பியாக வேண்டும். இப்போதும் என் மாணவர்களை இதைச் செய்துபார்க்கச் சொல்வேன். நாலு நிமிடத்தில் தோள்பட்டை கெஞ்சும்.

கையை விடுவிக்க வேண்டுமானால் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஜான் ரோபிஷோ நடத்திய இசைக்குழுவின் 1896ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதில் டிரம்மர் டீ டீ சாண்ட்லரின் பேஸ் டிரம்மில், கையால் செய்த கால்மிதி ஒன்று பொருத்தியிருக்கிறது. அவரைப் போல அங்கங்கே பலரும் மரத்தாலும் கம்பியாலும் தங்களுக்கென்று மிதிகளைச் செய்துகொண்டார்கள். ஆனால் அவை மெதுவானவை. ராக்டைம் என்ற துள்ளல் இசை வந்ததும் அந்த மிதிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அதற்கு விடை சிகாகோவில் கிடைத்தது. ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்த வில்லியம் லுட்விக், நாடகக் கொட்டகைகளில் டிரம்ஸ் வாசித்தவர். வேகமான பாட்டுக்குத் தன் கால் பின்தங்குவதைக் கண்டு புதிதாக ஒரு மிதியை வடிவமைத்தார். இயந்திர வேலை தெரிந்த மைத்துனர் ராபர்ட் டான்லி உலோகத்தில் அதைச் செய்ய உதவினார். 1909இல் லுட்விக் தன் தம்பி தியோபால்டுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். தியோபால்ட் 1918 கொள்ளைக் காய்ச்சலில் இறந்துபோனார். அண்ணன் தொடர்ந்து நடத்தினார். இன்று திருச்சியில் ஒரு பத்து வயசுப் பையன் காலை வைத்து அமுக்கும் மிதி, அடிப்படையில் அந்த 1909 யோசனைதான். குதிகாலைத் தரையில் ஊன்றியோ தூக்கியோ, முன்பாதத்தால் ஒரு தட்டை அழுத்த, சுத்தியல் போய்த் தோலில் அடித்து ஸ்பிரிங்கின் இழுப்பில் திரும்பி வரும்.

இந்த மிதி வந்ததும் மற்றவர்களுக்கு வேலை போனது. இதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை, எனக்கு மட்டும் இது மறப்பதில்லை. அக்குஸ்டிக் டிரம் செட் என்று இன்று நாம் பயபக்தியோடு சொல்கிற வாத்தியம், வந்த நாளில் ஆட்குறைப்பு இயந்திரமாகவே வந்தது.

மிச்சமிருந்த அந்த ஒருவருக்கு வேலை மேல் வேலை சேர்ந்தது. ஊமைப்படக் காலத்தில் திரைக்கு முன்னால், பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக் குழுவில் டிரம்மர் முக்கியமான ஆள். குதிரைக் குளம்பு, ரயில் விசில், இடி, கண்ணாடி உடையும் சத்தம், கோமாளி வழுக்கி விழும் சத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. பேஸ் டிரம்மின் விளிம்பில் மணிகள், மரக்கட்டைகள், சீனத்து டாம் டிரம்கள், விசில்கள் என்று மாட்டிக்கொண்டே போனார். சீன டாமின் தோல் ஆணியடித்து இறுக்கியது, சுருதி மாற்ற முடியாது. நம் ஊரிலும் ஊமைப்படக் கொட்டகையில் ஆர்மோனியமும் தபலாவும் இருந்தன. 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. படமே பேசத் தொடங்கியது. ஒன்றிரண்டு ஆண்டுகளில் அமெரிக்கக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கான வாத்தியக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய சங்கம், இரும்பு மனிதன் ஒருவன் வாத்தியம் வாசிப்பதுபோலப் படம் போட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து மக்களிடம் நியாயம் கேட்டது. பலன் இல்லை. கொட்டகை டிரம்மர்களுக்கு விற்றுப் பிழைத்த லுட்விக், கம்பெனியைக் கான் என்ற பெரிய நிறுவனத்திடம் ஒப்படைக்க நேர்ந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

ஒலிப்பதிவு விஷயத்தில் இன்னொன்று சொல்ல வேண்டும். 1923இல் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் ஊரில், ஜெனட் கம்பெனியின் பதிவுக்கூடத்தில் இசைத்தட்டுப் பதிந்தது. பக்கத்திலேயே ரயில் பாதை, ரயில் போனால் வேலையை நிறுத்த வேண்டும். மைக் இன்னும் பதிவுக்கூடத்துக்கு வராத நேரம். ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள், ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். பேஸ் டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் அந்தக் குழுவின் பேபி டாட்ஸ், நியூ ஆர்லியன்ஸ் தந்த மிகப் பெரிய டிரம்மர்களில் ஒருவர், பெரும்பாலும் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. அந்தத் தட்டுகளைக் கேட்கும்போது எனக்கு மனசு கனக்கும். மேடையில் அவர் வாசித்தது எதுவும் அதில் இல்லை. டிரம்மர் எதை வாசிக்கலாம் என்பதை இயந்திரம் தீர்மானிப்பது 1980களில் தொடங்கிய சங்கதி அல்ல.

தோலுக்கு வருகிறேன். அதுதான் இந்த விவகாரத்தின் நடு.

1950களின் பாதி வரை டிரம்முக்குக் கன்றுத்தோல்தான். மழை நாளில் தொய்யும், வெயில் நாளில் முறுகும். பேஸ் டிரம்முக்குள் மின்விளக்கை எரியவிட்டுச் சூட்டில் தோலை இறுக்கி வைத்திருந்தார்கள் அமெரிக்க டிரம்மர்கள். நமக்கு இது புதிதில்லை. கோயில் கொடைக்குப் பறை அடிக்க வரும் அண்ணன்மார் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஐப்பசி அடைமழையில் மிருதங்கக்காரர் படும் பாடும் தெரியும். 1956, 57 வாக்கில் சிக் எவன்ஸும், கலிபோர்னியாவில் டிரம் கடை வைத்திருந்த ரெமோ பெல்லியும் மைலார் என்ற பாலியெஸ்டர் படலத்தைத் தோலுக்குப் பதிலாக வளையத்தில் பொருத்தி விற்றார்கள். மழை பெய்தாலும் அதே சுருதி. அடிதடியாக ராக் அன்ட் ரோல் வாசிக்கும் பையன்களுக்குக் கிழியாத தோல் கிடைத்தது. பழைய கைகள் பலருக்குப் பிடிக்கவில்லை. கன்றுத்தோலின் சூடும் பதமும் பிளாஸ்டிக்கில் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. இருந்தாலும் சில ஆண்டுகளில் எல்லாரும் மைலாருக்கு மாறினார்கள். இன்று கடையில் போய் 'தோல் வச்ச ஒரிஜினல் டிரம்ஸ்' என்று கேட்பவர்கள் காசு கொடுத்து வாங்கி வருவது அந்தப் பிளாஸ்டிக் படலத்தைத்தான். ஆறேழு தலைமுறைக்கு முந்தைய தொன்மை எதுவும் அதில் கிடையாது.

நடுவில் நடந்தவற்றை வேகமாகத் தாண்டுகிறேன். 1920களில் காலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடி வந்து, உயர்ந்து, ஹை-ஹேட் ஆனது. 1929இல் ஜில்ஜியான் குடும்பம் மூன்று நூற்றாண்டாக இஸ்தான்புல்லில் காத்துவந்த சிம்பல் வார்ப்புத் தொழிலை அமெரிக்காவிலும் தொடங்கியது. 1930களில் டிரம்மர் ஜீன் குரூபாவுக்காக ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனி மேலும் கீழும் சுருதி சேர்க்கக்கூடிய டாம் டிரம்களைச் செய்துகொடுத்தது. 1964 பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை இரவு, எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்தபோது ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்மில் லுட்விக் என்ற பெயரைப் பார்த்தார்கள். கம்பெனி ராப்பகலாக ஓடியது. சுண்டுவிரல் உயரப் பையன்கள் உலகமெங்கும் டிரம்ஸ் கேட்டு அழத் தொடங்கியது அந்த இரவுக்குப் பிறகு.

மின்சாரத்தால் ஒலிக்கும் டிரம்மை மேடைக்குக் கொண்டுவரும் முயற்சி 1970களின் தொடக்கத்திலேயே நடந்தது. மூடி புளூஸ் குழுவின் கிரேம் எட்ஜ் இங்கிலாந்தில், கிராஃப்ட்வெர்க் குழு ஜெர்மனியில். 1976இல் அமெரிக்காவில் ஜோ பொல்லார்டின் சின்டிரம் வந்தது, 'பியூ பியூ' என்று கீழிறங்கும் அந்த டிஸ்கோ ஒலி அதிலிருந்து வந்ததுதான். ஆனால் முழு செட்டாக ஒருவர் முன்னால் வந்து நின்றது 1981இல், லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் டேவ் சிம்மன்ஸ் செய்த எஸ்டிஎஸ்-5. லேண்ட்ஸ்கேப் குழுவின் ரிச்சர்ட் பர்ஜஸ் என்ற டிரம்மர் அவருடன் சேர்ந்து வேலை பார்த்தார். அறுகோணப் பலகைகள், கண்ணைப் பறிக்கும் நிறம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த அத்தனை பேருக்கும் ஆசை வந்தது. பலகையின் முகம் பாலிகார்பனேட். கெட்டி. சாப்பாட்டு மேஜையில் ஓங்கி அடிப்பதுபோல அடி மொத்தமும் மணிக்கட்டுக்கே திரும்பியது. டிரம்மர்கள் கைவலி என்று புகார் சொன்னார்கள், பின்னர் வந்த மாடல்களில் மென்மையான ரப்பர் போட்டார்கள். 1990களில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது.

சிம்மன்ஸ் டிரம்மைப் பொம்மை என்று பேசுகிறவர்களிடம் நான் ரிக் ஆலனைச் சொல்வேன். டெஃப் லெப்பர்ட் குழுவின் டிரம்மர். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். வயது 21. மருத்துவமனைப் படுக்கையிலேயே, இடது கை செய்த வேலையை இடது காலுக்கு மாற்றலாம் என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். காலால் மிதித்தால் ஸ்நேரும் டாமும் ஒலிக்கும்படி சிம்மன்ஸ் பலகைகளை வைத்து ஒரு செட் செய்யப்பட்டது. 1986 ஆகஸ்டில் டோனிங்டன் மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன்னால் அவர் மறுபடி உட்கார்ந்தார். சாண்ட்லரும் லுட்விக்கும் கையின் வேலையைக் காலுக்கு மாற்றியதன் தொடர்ச்சியாகத்தான் இதைப் பார்க்கிறேன். மின்சார டிரம்ஸைக் கேவலமாகப் பேச என் நாக்கு எழாததற்கு அந்த மனிதர் ஒரு காரணம்.

டிரம் மெஷின் வேறு ரகம். அதில் அடிப்பதற்கு ஆளே வேண்டாம். 1980இல் ரோஜர் லின் கலிபோர்னியாவில் கொண்டுவந்த எல்எம்-1, உண்மையான டிரம்மின் ஒலியைப் பதிந்து சில்லில் வைத்திருந்தது. விலை 4,995 டாலர். ஏறத்தாழ 500 மட்டுமே செய்தார்கள். அதில் ஹை-ஹேட் உண்டு, பெரிய சிம்பல்கள் கிடையாது. காரணம், சிம்பலின் ஒலி நீண்டு தேயும், அவ்வளவையும் பதிந்து வைக்க அன்றைய நினைவகச் சில்லுகளின் விலை இடம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு ஜப்பானில் இகுதாரோ காகேஹாஷியின் ரோலண்ட் கம்பெனி டிஆர்-808ஐ வெளியிட்டது. அதில் பதிவு எதுவும் இல்லை, சுற்றுகளே ஒலியை உண்டாக்கின. 1983க்குள் 12,000 வாக்கில் விற்று நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்து வாத்தியக்காரர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, 1982இல் சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை செய்யக் கோரித் தீர்மானம் போட்டது. கொட்டகை வாத்தியக்காரர்கள் போட்ட இரும்பு மனிதன் விளம்பரத்துக்கு வாய்த்த கதிதான் அதற்கும்.

மெட்ராஸில் அந்த அலை வந்து சேர்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எம்.எஸ்.வி. காலத்தில் நோயல் கிராண்ட் வாசித்த டிரம்ஸைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் பின்னால் வந்த அத்தனை பேரும். டிரம்மர் சிவமணியே தனக்கு ஊக்கம் என்று அவரைச் சொல்வார். இளையராஜாவின் குழுவில் புருஷோத்தமன் டிரம்ஸ் வாசித்தார், குழுவையும் நடத்தினார். பெரிய கூடம், வயலின் வரிசை, குழல், தபலா, கிடார், கண்ணாடித் தடுப்புக்குள் டிரம்ஸ். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. அந்தப் பதற்றம் பாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஸ்நேரின் அடிக்கம்பி பக்கத்து வாத்தியத்துக்கு லேசாக அதிர்ந்து சலசலப்பதைக்கூடச் சில பாட்டில் கேட்கலாம். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினி வழியே தாளம் ஓடியது. 1989இல் ஏ.ஆர். ரகுமான் வீட்டுக்குப் பின்னால் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தைக் கட்டினார். 1992இல் 'ரோஜா'. அந்தத் துல்லியம், அந்த அடித்தள ஒலி, எங்கள் காதுக்கு வேறு உலகம். சிவமணி ரகுமானோடு தொடர்ந்து வாசித்தார் என்பதும் உண்மை. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து வாசித்த பலருக்கு அழைப்பு குறைந்தது. வடபழனி டீக்கடையில் வாத்தியப் பெட்டியோடு காத்திருந்த சீனியர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் மேடைக்கு வந்தது ஆக்டோபேட். ரோலண்ட் 1985இல் எட்டுக் கட்டம் போட்ட ரப்பர் பலகையாக அதைக் கொண்டுவந்தது. 1998இல் வந்த எஸ்பிடி-20இல் 700 ஒலிகள் உள்ளேயே இருந்தன. தபலாவும் அதில் அடக்கம். மெல்லிசைக் குழுக்களில் 'பேடு வாசிக்கிறவர்' என்று ஒரு தனி ஆள் உருவானார். பின்னால் வந்த எஸ்பிடி-எஸ்எக்ஸில் நம் ஒலியை நாமே பதிந்து போட்டுக்கொள்ளலாம். பம்பை, உறுமி, தவில் எல்லாம் குச்சியின் ஒரு தட்டலில் வந்து விழுந்தன. டோலக்குக்கு ஒருவர், தபலாவுக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர், தும்பாவுக்கு ஒருவர் என்று நாலு பேர் போன வேனில், ஒரு பேடுக்காரர் போனால் போதும் என்றாயிற்று. மேடை போடுகிறவருக்கு இடம் மிச்சம், மைக்செட்காரருக்கு எட்டு மைக் மிச்சம், குழு நடத்துபவருக்குச் சம்பளம் மிச்சம். நியூ ஆர்லியன்ஸ் நடனக்கூடத்தில் ஒரு காலத்தில் போட்ட அதே கணக்கை லால்குடியிலும் முசிறியிலும் போட்டார்கள். அந்தக் கணக்கில் கழிபட்ட தபலாக்காரர்களோடு ஒரே இலையில் சாப்பிட்டவன் நான். அவர்களுக்கு நேர்ந்ததை நினைத்து இன்றும் வருந்துகிறேன். பேடு வாசித்த தம்பிகளைக் குறை சொல்லவும் மாட்டேன், அவர்களில் சிலருடைய கை அபாரம்.

இனி வீட்டுக்கு வாங்கும் செட். ரப்பர் பலகையில் பழகியவர் கைக்கு உண்மையான டிரம் மேலெழும்பும் விதம் புரியாது. ரோலண்ட் 1997இல் டிடி-10 என்ற வி-டிரம்ஸில் ரெமோ கம்பெனியோடு சேர்ந்து வலைத்துணியை நெய்து தோலாகப் போட்டபோது அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. திருகாணியால் இறுக்கலாம், குச்சி மேலெழும்பும், சத்தம் அறைக்குள் அடங்கும். வலைக்கு அடியில் ஒரு பீசோ வில்லை. அடி விழுந்ததும் அது நெளிந்து மின்துடிப்பை அனுப்பும். துடிப்பின் உயரத்தை மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டி அளந்து, எவ்வளவு ஓங்கி அடித்தாய் என்று 1 முதல் 127 வரை ஒரு எண் கொடுத்து, அதற்கு ஏற்ற ஒலியை எடுத்து ஹெட்போனுக்கு அனுப்பும். ஹெட்போனைக் கழற்றினால் தட்தட் என்ற சத்தம் மட்டும்.

பயிற்சிக்கு இது பெரிய கொடை. அக்குஸ்டிக் செட்டின் முன்னால் 100 டெசிபலுக்கு மேல் போகும், மூடிய அறையில் காதுக்குக் கெடுதல். தில்லை நகரில் மூன்றாவது மாடியில் இருக்கிற குடும்பத்துக்கு அக்குஸ்டிக் வாங்கச் சொன்னால் அந்தப் பிள்ளை வாரத்துக்கு ஒரு நாள்கூட வாசிக்காது. பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியதும் டிரம்ஸ் போர்வைக்குள் போய்விடும். அந்தப் போர்வையை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாட்யூல், தப்பான அடியையும் நல்ல ஒலியாக்கித் தரும். ஸ்நேரின் நடுவில் அடித்தால் ஒரு ஒலி, ஓரத்துக்குப் போகப் போக வேறு ஒலி, இரும்பு விளிம்பையும் தோலையும் ஒருசேர அடித்தால் வேறு. காதுக்குக் கேட்டும் கேட்காத மெல்லிய தட்டல்கள், பிரஷ்ஷால் தேய்ப்பது, கையால் சிம்பலை அமுக்கி அடக்குவது எல்லாம் காற்றில் கேட்டுக் கேட்டுக் கை கற்றுக்கொள்வது. விலை உயர்ந்த மின்சாரச் செட்டுகள் இதில் நெருங்கி வந்துவிட்டன. பிள்ளைகளுக்கு வாங்கும் விலையில் கிடைப்பவை வரவில்லை. சுருதி சேர்ப்பது இன்னொன்று. ஆறு அல்லது எட்டுத் திருகை எதிரெதிராக முறுக்கி, ஒவ்வொரு திருகின் பக்கத்திலும் தட்டிக் கேட்டுத் தோலைச் சமன் செய்யத் தெரியாதவரை டிரம்மர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வேலையை மின்சாரச் செட்டு கேட்பதே இல்லை. அதில் மட்டுமே பழகி மேடையேறிய பிள்ளைகள், முதல் பாட்டிலேயே பேஸ் டிரம்மின் அதிர்வு நெஞ்சில் மோதியதும் திகைத்துக் கையை இழுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன்.

இப்போது இரண்டு பக்கமும் நெருங்கி வருகின்றன. ஜில்ஜியான் 2016இல் துளை போட்ட சத்தம் குறைந்த எல்80 சிம்பல்களைக் கொண்டுவந்தது. சாதாரண அக்குஸ்டிக் செட்டிலேயே தோலைக் கழற்றி வலையைப் போட்டு, இந்தச் சிம்பலை மாட்டினால் வீட்டில் வாசிக்கலாம். ரோலண்ட் 2020இல் மர உடல் வைத்த, பார்வைக்கு அக்குஸ்டிக் போலவே இருக்கும் மின்சாரச் செட்டை வெளியிட்டது.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் ஒரு 14 அங்குல ஸ்நேர், அதற்கு ஒரு ஸ்டாண்ட், ஒரு ரப்பர் பயிற்சிப் பலகை, ஒரு ஜோடி 5ஏ குச்சி வாங்குங்கள். தினமும் பலகையில் பழகட்டும், சாயங்காலம் கொஞ்ச நேரம் ஸ்நேரில். சுருதி சேர்க்க நான் சொல்லித்தருகிறேன். ஆசை நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு செட். தனி வீடு, தோட்டம் உள்ளவர்கள், திருவெறும்பூர்ப் பக்கம் அப்படிச் சிலர் உண்டு, அக்குஸ்டிக்கே வாங்குங்கள், பழைய செட்டானாலும் சரி, உடல் வளையாமல் திருகுகள் நன்றாக இருந்தால் நானே வந்து பார்த்துச் சொல்கிறேன். அடுக்குமாடியில் இருப்பவர்கள் வலைத்தோல் வைத்த எலக்ட்ரானிக் வாங்குங்கள், வாரத்தில் இரண்டு நாள் என் மாடிக்கு வந்து அக்குஸ்டிக்கில் வாசிக்கட்டும். ஹெட்போன் போட்டாலும் பேஸ் டிரம் மிதியின் இடி தரை வழியாகக் கீழ் வீட்டுக்குப் போகும். அதற்குக் கனமான ரப்பர் பாய் வேண்டும். பாயை விரிப்பதற்கு முன்னாலேயே கீழ் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மத்தியானம் தூங்கும் நேரத்தைக் கேட்டு வந்துவிடுங்கள் என்கிறேன்.